பழைய மஸ்டாங்கின் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியபோது, அதன் அடிப்பாகம் புதிதாக உருவாக்கப்பட்டதாக இருக்கவில்லை. சிக்கன விலைக் குடும்பக் காரான ஃபால்கனின் அடித்தளத்தின் மேலேயே நீண்ட முகப்பும் குட்டையான பின்புறமும் கொண்ட அந்த அழகிய உடல் அமர்த்தப்பட்டிருந்தது. பின்னர் அதற்குள் 289 கன அங்குல, அதாவது 4.7 லிட்டர் வி8 எஞ்சினும் ஏறியது. ஆனால் பெரும்பாலான கார்கள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், மிதியின் அழுத்தத்தைப் பிரேக் எண்ணெய்க்கு மாற்றும் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், குறுகலான பழைய வகை பயாஸ் டயர்கள் ஆகியவற்றுடனேயே விற்பனையாயின. 1965இல் முன்னாள் பந்தய ஓட்டுநரான கரோல் ஷெல்பியின் குழு இந்தக் காரைப் பந்தயத்துக்கு ஏற்றபடி ஜிடி350ஆக மாற்றியபோது, எஞ்சினின் திறனை 271 குதிரைத்திறனிலிருந்து 306க்கு உயர்த்தியதோடு நிற்கவில்லை. முன் சஸ்பென்ஷனின் பொருத்து புள்ளிகளைக் கீழே இறக்கினார்கள், உடலுக்கு முட்டுக் கொடுத்தார்கள், ஷாக் அப்சார்பர்களை மாற்றினார்கள், முன்புறம் டிஸ்க் பிரேக்கும் பின்புறம் பெரிய டிரம்மும் வைத்தார்கள். அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்தக் காரில் கை வைப்பவர்கள் பலர் எஞ்சினில் தொடங்கி, பணம் மிஞ்சினால் பிரேக்கைப் பார்ப்போம் என்று நினைக்கிறார்கள். முதல் தவறு அங்கேயே நேர்ந்துவிடுகிறது.

சஸ்பென்ஷன் ஒரு வேலை, பிரேக் வேறொரு வேலை என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த தவறு. மற்றத் தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கருத்து. பிரேக் மிதியை அழுத்தும்போது சக்கரத்தில் உண்டாகும் விசை முழுவதும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட், சக்கரத்தைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்ம், அந்த ஆர்மைப் பிடித்திருக்கும் ஸ்ட்ரட் ராடு, பின்புற லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் ஆகியவற்றின் வழியாகத்தான் காரின் உடலைச் சென்றடைகிறது. பெரிய டிஸ்க் போட்டால் இந்தப் பாகங்கள் தாங்க வேண்டிய சுமையும் கூடும். ஆகவே புதிய பாகம் எதையும் வாங்குவதற்கு முன்னால் காரை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, அடியில் படுத்து, கையாலும் கண்ணாலும் சோதிக்க வேண்டும். தேய்ந்த பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் இணைப்புக் கம்பியைத் தாங்கும், ஆட்டம் கண்ட ஐட்லர் ஆர்ம், தளர்ந்த ஸ்டீயரிங் பாக்ஸ் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டு விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் மாட்டுவதால் பயன் எதுவும் கிடைக்காது. தேய்ந்தவற்றைத் தரமான சாதாரணப் பாகங்களால் மாற்றி, நல்ல ரேடியல் டயர் போட்டாலே கார் எவ்வளவு திருந்துகிறது என்பதைப் பார்த்த பிறகு மற்றவற்றைத் தீர்மானிக்கலாம்.

மஸ்டாங்கில் தனியாகப் பார்க்க வேண்டிய இடம், எஞ்சினின் இருபுறமும் நிற்கும் ஷாக் டவர் எனப்படும் தகரக் கோபுரங்கள். இந்தக் காரின் முன் ஸ்பிரிங், மேல் கண்ட்ரோல் ஆர்மின் மீது அமர்ந்து, தன் சுமையை இந்தக் கோபுரத்தின் உச்சியில் ஏற்றுகிறது. பல ஆண்டுகள் இந்தச் சுமையைத் தாங்கிய கோபுரங்களில் விரிசல் விடுவதும், இரண்டும் உட்புறமாகச் சாய்வதும் உண்டு. ஜிடி350இல் இருந்தவற்றைப் போன்ற எக்ஸ்போர்ட் பிரேஸ், மான்டி கார்லோ பார் என்ற முட்டுச் சட்டங்களை வாங்கி வந்து மாட்டும்போது துளைகள் பொருந்தாமல் போனால், சட்டத்தின் துளையைப் பெரிதாக்கித் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். அது மிகவும் தவறு. துளை பொருந்தவில்லை என்றால் கோபுரம் இடம் மாறியிருக்கிறது என்பதே முதலில் எழ வேண்டிய ஐயம். கோபுரத்தை உரிய இடத்துக்கு இழுத்து நிறுத்தி, விரிசலைப் பற்றவைத்த பிறகுதான் சட்டத்துக்கு வேலை இருக்கிறது. முன்புறத்தையும் பின்புறத்தையும் தனிச் சட்டத்தின் மேல் வைக்காமல் உடலோடு ஒன்றாகக் கட்டிய கார் இது என்பதால், தளம் துருப்பிடித்திருந்தால் சஸ்பென்ஷன் வேலையையே தள்ளிவைப்பது நல்லது.

காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கின் சுற்றுகளை கேஸ் வெல்டிங் தீயால் அறுப்பது பழைய வழக்கம். அந்த வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுத்துவிடுகிறது. அப்படி அறுத்த ஸ்பிரிங் நாளடைவில் அமுங்கவோ முறியவோ செய்யும். மேலும் ஸ்பிரிங், ஆர்மின் வெளிநுனியில் இல்லாமல் உட்புறம் தள்ளி அமர்ந்திருப்பதால், ஸ்பிரிங்கின் நீளத்தில் சிறிது குறைத்தாலும் சக்கரத்தின் அருகே கார் அதைவிடக் கூடுதலாக இறங்கிவிடும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தேவையான உயரத்துக்கென்றே செய்யப்பட்ட ஸ்பிரிங்கை வாங்குவதே முறை. அதைக் கழற்றி மாட்டுவதற்கு மஸ்டாங்குக்குரிய அழுத்துகருவி வேண்டும். அமுக்கப்பட்ட ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து ஆகையால், பொதுவான மலிவுக் கருவியை வைத்து முயலவே கூடாது.

கடினமான ஸ்பிரிங்கே சிறந்த ஸ்பிரிங் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. மேடுபள்ளமான சாலையில் சக்கரம் தரையோடு ஒட்டியிருந்தால்தான் டயர் பிடிக்கும், டயர் பிடித்தால்தான் பிரேக்கும் பிடிக்கும். தரையை விட்டு எம்பி எம்பி ஓடும் சக்கரத்தில் எவ்வளவு பெரிய டிஸ்க் இருந்தாலும் அது பயன்படாது. அதேபோல், வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஸ்வே பாரைப் பின்புறத்தில் மிகத் தடித்ததாகப் போடுவது வளைவில் காரின் பின்பகுதியை வெளியே தள்ளும். எடை முன்னால் குவிந்திருக்கும் இந்தக் காரில் முன் ஸ்வே பாரைத் தடித்ததாக மாற்றி, ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே பின்புறத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் வகுத்து, ஷெல்பியின் பெயரால் புகழ்பெற்ற மாற்றம் ஒன்று உண்டு. 1965, 1966 மாதிரிக் கார்களில் மேல் கண்ட்ரோல் ஆர்மின் பொருத்து துளைகளை ஒரு அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் கீழே புதிதாக இடுவதே அது. வளைவில் உடல் சாயும்போது வெளிப்புறச் சக்கரமும் சேர்ந்து வெளியே சாய்ந்து, டயரின் விளிம்பில் ஓடுவது இந்தக் காரின் பிறவிக் குறை. பொருத்து புள்ளி இறங்கியதும் அந்தச் சக்கரம் நிமிர்ந்து நிற்க முயல்கிறது. துளையிடும் சில மணி நேர வேலைக்கு இவ்வளவு பெரிய பலன் தரும் வேறொரு மாற்றத்தை இந்தக் காரில் நான் அறியேன். ஆனால் கண்ணளவில் குறித்துத் துளையிட்டால் இடமும் வலமும் வேறுபட்டுப் போகும்; அச்சுத் தகடு வைத்தே குறிக்க வேண்டும். ஒரு அங்குலம் நல்லது என்றால் ஒன்றரை அங்குலம் இன்னும் நல்லது என்று இறக்குவதும் தவறு. மேல் பால் ஜாயின்டின் கோணம் அதன் எல்லையைத் தாண்டிவிடுவதால், அதற்கென உள்ள ஆப்புத் தகடு இல்லாமல் அவ்வாறு செய்தால் ஜாயின்ட் இறுகி உடையக்கூடும்.

ஆர்ம்களின் பொருத்து இடங்களில் இருக்கும் புஷ் எனப்படும் மெத்தை வளையங்கள் சிறியவை என்பதாலேயே அலட்சியத்துக்கு ஆளாகின்றன. உலோகத்தோடு ஒட்டிய ரப்பர் புஷ், ரப்பரே முறுகுவதால்தான் அசைந்து கொடுக்கிறது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் போல்ட்டை முறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியவுடன் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே நின்று, விரைவில் கிழிந்துவிடும். காரின் முழு எடையும் சக்கரங்களில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. ரப்பருக்குப் பதிலாக எங்கும் கடின பாலியூரித்தேன் புஷ் போடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. மஸ்டாங்கின் கீழ் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும் ஸ்ட்ரட் ராடு, சக்கரம் ஏறி இறங்கும்போது ஒரு வில்லின் வழியே அசைய வேண்டும். அதன் முனையில் இருபுறமும் கடின புஷ் வைத்து இறுக்கிவிட்டால், அசைய முடியாத கம்பி மரையின் அடியில் திரும்பத் திரும்ப வளைந்து, ஒருநாள் முறியும். அது பெரும்பாலும் பிரேக் பிடிக்கும்போதே நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் அதன் மீது அதிகச் சுமை விழுகிறது. செவெல், ஜிடிஓ போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் பின்புறத்தில் சாய்வாக நிற்கும் மேல் ஆர்ம்களுக்கும் இது பொருந்தும். புஷ் நெகிழ்ந்து கொடுக்காவிட்டால் அங்கே சஸ்பென்ஷனே கட்டுண்டு போகிறது.

இவற்றையெல்லாம் முடித்துவிட்டு, வீல் அலைன்மென்டை 1965ஆம் ஆண்டின் சேவைக் கையேட்டைப் பார்த்துச் செய்யச் சொல்வது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு. அந்த அளவுகள் பயாஸ் டயருக்கும், கையால் திருப்பும் கனமான ஸ்டீயரிங்குக்கும் வகுக்கப்பட்டவை. இன்றைய ரேடியல் டயருக்கு 3 பாகை அளவிலான நேர் காஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு), அரைப் பாகை எதிர் கேம்பரும் (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்வது), மிகச் சிறிய டோ-இன்னும் (சக்கரங்களின் முன்பகுதி உள்நோக்கித் திரும்பியிருப்பது) வைத்தால் நெடுஞ்சாலையில் கார் அலையாமல் நேராக ஓடும்.

பிரேக்கில், டிஸ்க்கைப் பற்றி நினைப்பதற்கு முன் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். 1966 வரையிலான மஸ்டாங்கில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றுதான். எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். 1967 மாதிரியில் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் தனித்தனிச் சுற்றுகள் வந்தன. காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருக்க விரும்புபவர்களிடமும், இந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று வேண்டிக்கொள்வேன்.

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டே முன்புறம் டிஸ்க் மாட்டுவதும் கூடாது. டிரம் சுற்றில் எப்போதும் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அந்த அழுத்தம், டிஸ்க்கைக் கவ்வும் உராய்வுத் தகடான பேடை உரசவிட்டுச் சூடேற்றும். மிதி கடினமாக இருக்கிறது என்பதற்காகப் பெரிய துளை கொண்ட மாஸ்டர் சிலிண்டரைத் தேர்வதும் தலைகீழான வைத்தியம். 1 அங்குலத் துளைக்குப் பதில் 1⅛ அங்குலம் போட்டால், பிஸ்டனின் பரப்பு கூடுவதால், அதே கால் அழுத்தத்துக்குக் குழாயில் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மிதி இன்னும் கல்லாக இருக்கும், கார் நிற்காது. எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு கால் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டர் இல்லாத அமைப்புக்கு மிதியின் நெம்புவிகிதம் 6க்கு 1 அளவிலும், பூஸ்டர் உள்ளதற்கு 4க்கு 1 அளவிலும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பந்தயக் கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சின், நிலையோட்டத்தில் போதிய வெற்றிடத்தைத் தராது. வெற்றிட பூஸ்டருக்குச் சுமார் 18 அங்குலப் பாதரச அளவு தேவைப்படும். எனவே அத்தகைய காரில் பூஸ்டர் வாங்குவதற்கு முன்னால் ஒரு வெற்றிட மானியை இணைத்து அளந்துவிடுவது காசை மிச்சப்படுத்தும். மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பி நீளமாக இருந்துவிட்டால், காலை எடுத்த பின்னும் எண்ணெய் திரும்ப முடியாமல், ஓட ஓடப் பிரேக் தானாக இறுகும். இதை, பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் குறை என்று நினைத்து நல்ல காலிப்பரை மாற்றுபவர்கள் உண்டு.

ஃபோர்டின் 1975க்குப் பிந்தைய கிரனாடா காரிலிருந்து, சக்கரம் சுழலும் அச்சான ஸ்பிண்டிலும் டிஸ்க்கும் எடுத்து மாட்டுவது மலிவான பழைய வழி. பிரேக் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதன் ஸ்டீயரிங் ஆர்மின் அமைப்பு வேறு என்பதால், சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே திசை திரும்பும் குணம் வந்துவிடலாம். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணத்தைச் சரிசெய்யாமல் இந்த மாற்றத்தை முடிந்த வேலையாகக் கருதக் கூடாது. பெரிய டிஸ்க் தொகுதி வாங்குபவர்கள் சக்கரத்தின் உள்ளளவைப் பார்க்க மறப்பதும் வழக்கமாக நடப்பதே. 13 அங்குல டிஸ்க்குக்குக் குறைந்தது 17 அங்குலச் சக்கரம் வேண்டும். பழைய 14 அங்குலச் சக்கரம் காலிப்பரில் இடிக்கும்.

முன்புறம் டிஸ்க், பின்புறம் டிரம் என்று ஆனதும், பின்புறத்துக்குச் செல்லும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு தேவைப்படும். அதை முன் சுற்றில் இணைப்பதும், ஏற்கெனவே ஒன்று இருக்க இரண்டாவதைச் சேர்ப்பதும் ஆபத்தானவை. கடும் பிரேக்கில் எடை முன்னால் சரிவதால் பின்சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. அவை முதலில் பூட்டிக்கொண்டால் காரின் பின்பகுதி முன்னால் வந்துவிடும். முன்புறத்தைத் தாழ்த்தியிருந்தாலோ, பின் டயரை அகலமாக்கியிருந்தாலோ இந்தச் சமநிலையும் மாறும் என்பதால், வால்வின் அமைப்பைச் சஸ்பென்ஷன் வேலை முழுதும் முடிந்த பிறகே இறுதிசெய்ய வேண்டும்.

காலிப்பரில், பிரேக் எண்ணெயிலிருந்து காற்றை எடுக்கும் திருகு மேல்பக்கம் இருக்க வேண்டும். இடக் காலிப்பரை வலப்பக்கம் மாட்டிவிட்டால் திருகு கீழே போய், எத்தனை முறை எடுத்தாலும் உள்ளே காற்று நிற்கும், மிதி பஞ்சுபோல் அமுங்கும். குழாய்களுக்குச் சாதாரணச் செம்புக் குழாய் உதவாது. பிரேக்குக்குரிய எஃகுக் குழாயை இரட்டை மடிப்பு முனையோடு போட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும் என்பதால் அதையும் மாற்ற வேண்டும். சிலிக்கோனாலான டாட் 5 பிரேக் ஆயில், டாட் 3, டாட் 4 ஆகியவற்றோடு கலக்காது. டாட் 5.1 என்பது பெயரில் அதை ஒத்திருந்தாலும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. இந்தப் பெயர்க் குழப்பத்தால் கலந்துவிடாமல் டப்பாவைப் படித்துப் பார்க்க வேண்டும்.

புதிய பேடைத் தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி, ஆளில்லாத நேர்ச்சாலையில் படிப்படியாகப் பிரேக் பிடித்துப் பதப்படுத்திய பிறகு, குறைந்த வேகத்தில் தொடங்கி, முன்சக்கரங்களே முதலில் பூட்டுகின்றனவா என்று சோதித்து வால்வைத் திருத்த வேண்டும். புதிய ஸ்பிரிங்குகள் சில நூறு மைல் ஓடியதும் சற்றே அமர்ந்து கொள்ளும். அப்போது ஸ்ட்ரட் ராடு, கண்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளின் முறுக்கை மீண்டும் பார்த்து, எண்ணெய்க் கசிவைத் துடைத்துத் தேடி, அலைன்மென்டை இரண்டாம் முறை செய்தால்தான் வேலை முடிந்ததாகும்.