ஸ்ப்ரெடர் பீம் பூட்டும்போது நாம் செய்கிற தவறுகள்

ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் நிறுத்தி அமுக்கிப் பாருங்கள். விரல் நீளத் துண்டு என்றால் கைதான் வலிக்கும், குச்சி அசையாது. முழ நீளத் துண்டு என்றால் லேசாக அமுக்கியதுமே வில்லாக வளைந்துவிடும். குச்சி அதேதான், தடிமனும் அதேதான், நீளம் மட்டும்தான் மாறியது. கிரேன் ஹூக்குக்கும் பாரத்துக்கும் நடுவில் நின்று, சிலிங்குகளை (தூக்கு கயிறுகளை) விரித்துப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் பீமைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதற்குள் இருக்கிறது.

நான் சிங்கப்பூரில் ஒரு யார்டில் ரிக்கராக, அதாவது கிரேனில் பாரம் கட்டுகிறவனாகச் சேர்ந்து, பிறகு லிஃப்டிங் சூப்பர்வைசர் ஆனவன். துண்டு துண்டாக லாரியில் வந்து, தரையில் வைத்து போல்ட் போட்டுப் பூட்டுகிற மாடுலர் பீம்களோடுதான் பெரும்பாலான வேலை. அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் என்று குழாய்த் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் முனையிலும் ஃபிளேஞ்ச், அதாவது போல்ட் ஓட்டைகள் உள்ள தட்டு. வேண்டிய நீளத்துக்குச் சேர்த்து, இரண்டு கடைசியிலும் என்ட் யூனிட் மாட்டி, மேலே ஷாக்கிள் (சிலிங் மாட்டும் இரும்பு வளையம்), கீழே ஷாக்கிள் போட்டால் பீம் தயார். பொம்மை மாதிரி சுலபமாகச் சேர்ந்துவிடும். அந்தச் சுலபம்தான் பிரச்சினை.

காவடியும் படமும்

முதல் தவறு பூட்டுவதற்கு முன்பே மனதில் நடந்துவிடுகிறது. ‘பீம்’ என்ற பெயரைக் கேட்டதும் எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம்.

காவடித்தண்டு நடுவில் தோளில் உட்காரும், பாரம் இரண்டு முனையில் தொங்கும், தண்டு வளையும். லிஃப்டிங் பீம் இந்த ஜாதி. வளைவைத் தாங்கும்படி ஆழமான ஐ செக்‌ஷனில் செய்திருப்பார்கள். ஸ்ப்ரெடர் பீம் வேறு. சுவரில் படம் மாட்டும்போது ஃபிரேமின் இரண்டு மூலையிலிருந்தும் கயிறு போய் ஒரே ஆணியில் சேருகிறதே, அப்படி. கயிறு இரண்டு முனையையும் உள்பக்கமாக இழுக்கும். முனைகள் ஒன்றையொன்று நெருங்காமல் நடுவில் முட்டுக் கொடுத்து நிற்பது மட்டுமே பீமின் வேலை. அது தாங்குவது அமுக்கத்தை. வளைவைத் தாங்க அதைச் செய்யவே இல்லை.

இது புரியாதவர்கள் செய்வது என்ன? குழாயின் நடுவில் பெல்ட்டைச் சுற்றி ஹூக்கில் மாட்டுவார்கள். அல்லது, லோடுக்கு மூன்றாவது லக் (சிலிங் மாட்டும் காது) இருக்கிறதே என்று நடுக்குழாயில் ஒரு சிலிங்கைச் சுற்றி அதையும் கட்டிவிடுவார்கள். என்ட் யூனிட்டில் மேல் ஷாக்கிளும் கீழ் ஷாக்கிளும் உட்காரும் இடத்தை, விசைக்கோடுகள் குழாயின் நடு அச்சில் சந்திக்கும்படி கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு வேறு எங்கே கட்டினாலும் வளைவு வந்துவிடும்.

மேல் சிலிங் குட்டையானால்

எங்கள் யார்டில் ஒரு ராத்திரி ஷிஃப்ட். ஷெட்டுக்குள் 24 டன் பைப் மாடுல் ஒன்றை நகர்த்த வேண்டும். லக்குகளுக்கு நடுவே 10 மீட்டர் இடைவெளி என்பதால் 10 மீட்டர் பீம். திட்டத்தில் மேல் சிலிங் இரண்டும் 10 மீட்டர் என்று இருந்தது. பீம் பூட்டி முடித்த பிறகு ஒரு தம்பி மேலே பார்த்துவிட்டுச் சொன்னான்: “அண்ணே, இந்த சிலிங் போட்டா லோடு தரையை விட்டே கிளம்பாது. ஹூக் மேல முட்டிடும்.”

உண்மைதான். பீமும் இரண்டு சிலிங்கும் ஒரே நீளம் என்றால் அது சமபக்க முக்கோணம். சிலிங்குக்கும் பீமுக்கும் நடுவே கோணம் 60 டிகிரி, பீமுக்கு மேலே ஹூக்குக்கு 8.7 மீட்டர் உயரம் வேண்டும். ஷெட் கிரேனில் அவ்வளவு இல்லை. ஸ்டோரில் 6 மீட்டர் வயர் ரோப் சிலிங் ஒரு ஜோடி கிடந்தது. அதைப் போட்டால் 3.3 மீட்டர் உயரம் போதும். போட்டார்கள். நானும் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

அந்த மாற்றம் என்ன செய்தது என்று கணக்கைப் பாருங்கள். ஒரு முனைக்கு 12 டன் பாரம். 60 டிகிரியில் ஒரு சிலிங்கில் 13.9 டன் இழுப்பு, பீமில் 6.9 டன் அமுக்கம். 6 மீட்டர் சிலிங்கில் கோணம் 34 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது. இழுப்பு 21.7 டன். பீமின் அமுக்கம் 18 டன். லோடு ஒரு கிலோகூடக் கூடவில்லை, பீமின் மேல் விழும் அமுக்கம் 2.6 மடங்காகிவிட்டது. மேலே மாட்டியிருந்ததோ 17 டன் ஷாக்கிள். அதுவும் எல்லையைத் தாண்டியாகிவிட்டது.

கணக்கு வராது என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. மேல் சிலிங் ஒவ்வொன்றும் பீமின் நீளத்துக்குக் குறையாமல் இருந்தால் கோணம் 60 டிகிரிக்குக் குறையாது. பீம் நீளத்தில் பத்தில் ஏழு பங்கு என்றால் சுமார் 45 டிகிரி. எந்தக் கோணம் வரை அனுமதி என்பதை அந்த பீமின் கையேடும், எவ்வளவு தாங்கும் என்ற அட்டவணையான லோடு சார்ட்டும்தான் சொல்ல வேண்டும், ஸ்டோரில் என்ன கிடக்கிறது என்பது சொல்லக் கூடாது. உயரம் இல்லையென்றால் லிஃப்டிங் பீம் கேளுங்கள், இல்லை லோடை வெளியே கொண்டுபோகிற வழியைப் பாருங்கள்.

சார்ட்டில் எந்த வரி?

பீம் உடம்பில் பெரிதாக எழுதியிருக்கும் டன் எண்ணைப் பார்த்துவிட்டு ‘அம்பது டன் பீம்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். அது பெரும்பாலும் குட்டை நீளத்துக்கான எண். ஈர்க்குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான குழாய் வளைந்து மடங்கும் அமுக்கம், நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் அமுக்கம் கால் பங்கு. நேற்று 6 மீட்டரில் 40 டன் தூக்கிய அதே செட்டில் இன்று ஆறு துண்டைச் சேர்த்து 12 மீட்டர் ஆக்கினால், கையில் இருப்பது வேறு பீம். துண்டு கூட்டும்போதெல்லாம் சார்ட்டை மறுபடி எடுங்கள். அளவு என்று சொல்வது எங்கிருந்து எங்கே என்றும் பாருங்கள். லோடு பாயிண்ட்டிலிருந்து லோடு பாயிண்ட் வரைக்கும்தான் கணக்கு, அதில் என்ட் யூனிட்டின் பங்கும் உண்டு.

மூட்டு

மாடுலர் பீமுக்கே உரிய தவறுகள் எல்லாம் மூட்டில்தான். ‘அமுக்கம்தானே வருது, துண்டுகள் ஒன்னோட ஒன்னு ஒட்டி நிக்கும், எட்டு போல்ட் எதுக்கு, நாலு போதும்’ என்று ஒரு வாதம் உண்டு. புத்திசாலித்தனமாகக் கேட்கும். ஆனால் லோடு ஏறுவதற்கு முன்னால், பீமை மட்டும் தரையிலிருந்து எடுக்கும்போது அதன் சொந்த எடையே அதை வளைக்கப் பார்க்கும். அப்போது மூட்டைப் பிடித்திருப்பது போல்ட் மட்டும்தான். அப்புறம், பாரம் ஏறிய பிறகு குழாய் நேராக இருக்கிறதா என்பதே அதன் உயிர். அந்த நேரான நிலையைக் காப்பதும் போல்ட்தான். எல்லா ஓட்டையிலும் போல்ட், எல்லா போல்ட்டிலும் நட், கையேடு சொல்கிற முறுக்கு. இதில் பேரம் கிடையாது.

போல்ட் தொலைந்தால் ஹார்டுவேர் கடைக்கு ஆள் அனுப்புவதும் நடக்கும். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அதன் இழுவலிமை 800 மெகாபாஸ்கல். 4.6 என்றால் 400தான். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பலம் சரிபாதி. செட்டோடு வந்த போல்ட்டை செட்டோடு பெட்டியில் வையுங்கள்.

ஃபிளேஞ்ச் முகத்தை யாரும் துடைப்பதில்லை. மண், உரிந்த பெயின்ட், வெல்டிங் தெறித்த பொட்டு ஏதாவது ஒன்று உள்ளே மாட்டி, ஒரு பக்கம் 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஃபிளேஞ்ச் 200 மில்லிமீட்டர் அகலம் என்றால், அந்த மூட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளியிருக்கும் முனை 25 மில்லிமீட்டர் விலகிப் போகும். கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். கொத்தனார் சுவருக்குப் பிடிப்பது போல ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூல் பிடித்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஐந்து நிமிட வேலை.

ஓட்டைகள் நேராக வரவில்லை என்றால் விரலை விட்டுத் தடவிப் பார்க்கவே கூடாது. துண்டு ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும், விரல் உள்ளேயே இருந்துவிடும். ஓட்டைகளை நேர்ப்படுத்தும் கூர்முனைக் கம்பி, ட்ரிஃப்ட் பின், எதற்கு இருக்கிறது? சமதரையில், ஒரே உயரக் கட்டைகள் மேல் வைத்துப் பூட்டினால் பாதி மல்லுக்கட்டு குறையும். ஓட்டை பொருந்தவே மாட்டேன் என்கிறதா, அது வேறு சைஸ் துண்டாகவோ வேறு கம்பெனித் துண்டாகவோ இருக்கலாம். பொருந்தினாலும் சந்தேகப்படுங்கள். ஃபிளேஞ்ச் ஒத்துப்போய், குழாயின் சுவர்த் தடிமன் குறைவாக இருக்கிற துண்டுகள் உண்டு. ஆகவே ஒவ்வொரு துண்டின் சீரியல் நம்பரையும் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும். செட்டுகள் ஸ்டோரில் கலந்து கிடப்பது எல்லா யார்டிலும் நடக்கிற கூத்து.

ஃபோர்க்லிஃப்ட் முட்டி நசுங்கிய துண்டையும் ஒதுக்குங்கள். வளைவைத் தாங்கும் உத்தரத்தில் சின்ன நசுங்கலை இன்ஜினியர் ஒருவேளை மன்னிப்பார். அமுக்கத்தைத் தாங்கும் குழாயில் குழி விழுந்த இடம்தான் மடங்கத் தேர்ந்தெடுக்கும் இடம். ஹோஸ் தொங்கவிட வசதியாக இருக்கும் என்று குழாயில் சின்னக் கொக்கி வெல்டு வைப்பதும் அதே மாதிரிக் காரியம். சூட்டில் குழாய் கோணிக்கொள்ளும், சான்றிதழும் அதோடு செத்துவிடும்.

மற்றவை, வேகமாக

எடை மையம் நடுவில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 6 மீட்டர் இடைவெளியில் 20 டன் லோடின் எடை மையம் (சி.ஜி.) நடுவிலிருந்து வெறும் 1 மீட்டர் தள்ளியிருந்தால் ஒரு பக்கம் 13.3 டன், மறுபக்கம் 6.7 டன். ‘ரெண்டு பக்கமும் பத்துப் பத்து’ என்று எடுத்த கீழ் சிலிங் ஒரு பக்கம் தாங்காமல் போகும். மேல் சிலிங்குகள் சமமாக இருந்தால் பீமும் சாயும். கீழ் சிலிங் செங்குத்தாகத் தொங்க வேண்டும். லக்குகள் பீமை விட உள்ளே தள்ளியிருந்தால் சிலிங் சாய்ந்து பீமை இன்னும் அமுக்கும், ஆகவே பீம் நீளத்தை லக் இடைவெளிக்கு ஏற்ப மாற்றுங்கள். மாடுலர் வாங்கியதே அதற்குத்தானே. பீம், ஷாக்கிள், சிலிங் எல்லாம் சேர்ந்து ஒன்றரை டன் வரலாம், கிரேன் கணக்கில் அதைச் சேருங்கள். லோடு சுழலாமல் பிடிக்கும் கயிறான டேக் லைனை லோடில் கட்டுங்கள், பீமில் வேண்டாம்.

காகித வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 2011-ஆம் ஆண்டு வந்த கிரேன் இயக்க விதிகள் லிஃப்டிங் பிளான், லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன் எல்லாம் வேண்டும் என்கின்றன. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தூக்கும் சாதனங்களைத் தகுதியானவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுசாகச் சோதிக்க வேண்டும் என்று 29-ஆம் பிரிவில் வைத்தது. பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு விதிகளில் சிலிங், ஷாக்கிள், பீம் போன்றவற்றுக்கு 6 மாதம். இவையெல்லாம் தேதி பார்ப்பவை. இன்று காலை பூட்டிய மூட்டைப் பார்க்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் நீங்கள்.

கழற்றும்போதும் கவனம் வேண்டும். லோடை இறக்கி சிலிங் தளர்ந்ததும் எல்லோருக்கும் டீ ஞாபகம் வந்துவிடும். பீமின் அடியில் இரண்டே கட்டை வைத்து நடு போல்ட்டைக் கழற்றினால், நீளப் பாதி சீசா பலகை மாதிரி சாய்ந்து காலில் விழும். ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் இரண்டு கட்டை வையுங்கள்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். நல்லவேளையாக ஒரு பழக்கம் எங்களைக் காப்பாற்றியது. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, லோடு தரையை விட்டுக் கிளம்பும் முன்பே நிறுத்திப் பார்ப்பது. பாரத்தை அளந்து காட்டும் லோடு செல் 17 டன் காட்டியபோது, பீமின் ஒரு முனையில் நின்று குழாயின் நீளத்தோடு கண்ணை ஓட்டிக்கொண்டிருந்த சிக்னல்மேன் கையை உயர்த்தினார். நடுவில் பீம் பக்கவாட்டாக வளைந்திருந்தது. சத்தம் இல்லை, விரிசல் இல்லை, வில் மாதிரி ஒரு மென்மையான வளைவு. இறக்கியதும் நேராகிவிட்டது. கழற்றிப் பார்த்தால், நடு ஃபிளேஞ்சில் அரிசி அளவுக்கு ஒரு வெல்டிங் பொட்டு.

லோடை மறுநாள் டிரெய்லரில் வெளியே இழுத்து, மொபைல் கிரேனும் 10 மீட்டர் சிலிங்கும் போட்டுத் தூக்கினோம். அந்த நடுத்துண்டைத்தான் என்ன செய்வது என்று ஸ்டோரில் ஒரு வாரம் சண்டை. “நேராத்தானே இருக்கு, ஏன் வேஸ்ட் பண்றீங்க?” கடைசியில் கேஸ் கட்டரால் இரண்டாக வெட்டி, சிவப்பு பெயின்ட் அடித்து ஸ்டோர் வாசலில் போட்டோம். நான் யார்டை விட்டு வரும்வரை அதன் மேல் உட்கார்ந்துதான் டீ குடித்தோம்.