முதலில் சீரியல் பல்பு, அப்புறம் வானம்

கிறிஸ்துமஸ் வாரம் வந்தாலே எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் கிளம்பும்: டவுனுக்குப் போய் லைட் பார்ப்பதா, தோட்டத்துக்குப் போய் நட்சத்திரம் பார்ப்பதா என்று. ஒரே ராத்திரியில் ரெண்டையும் பார்க்கலாம், வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் பல்பு, பிறகு வானம். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும், அப்படிப் பழகின கண்ணை எதிரே வருகிற ஒரு ஹெட்லைட் நொடியில் கெடுத்துவிடும்.

லைட் பார்க்க நேரத்திலேயே கிளம்புங்கள். டிசம்பர் கடைசியில் கோவைப் பக்கம் 6 மணி தாண்டினதும் பொழுது இறங்கிவிடும், அதற்கப்புறம் ஒரு 20 நிமிடம் வானத்தில் கருநீலம் மிச்சமிருக்கும். போட்டோ எடுக்க அதுதான் நேரம். போனில் எரிகிற பல்பின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால் கோபுரமும் தெரியும், பல்பும் வெறும் வெள்ளைத் திட்டாகாது. கோவை பெரியகடை வீதி மிக்கேல் பேராலயம், ஈரோடு பிரப் நினைவு ஆலயம், அவிநாசி போகும் வழியில் கருமத்தம்பட்டி செபமாலை மாதா ஆலயம் என்று உங்களுக்கு எது கிட்டமோ அங்கே போங்கள். குடிலை அவசரமில்லாமல் பாருங்கள், வைக்கோலும் மண் பொம்மையும் வைத்த சின்னக் குடில்தான் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அப்புறம் இருட்டைத் தேட வேண்டும். மலைப்பக்கம் வேண்டாம், யானை வரும். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வானத்தை மறைத்துவிடும். என்னைக் கேட்டால் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம்தான் சரி, கிளுவை வேலிக்கு மேலே மறைக்க ஒன்றுமில்லை. ஒரே தொந்தரவு, பல்லடம் தாண்டினால் ராத்திரியெல்லாம் சிமிட்டுகிற காற்றாலைக் காத்தாடிகளின் சிவப்பு லைட், அது முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி இடம் பாருங்கள். தெரிந்தவர்கள் தோட்டமாக இருந்தால் நல்லது, சொல்லாமல் போனால் நாயே விடாது. தினசரி காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்து அதையொட்டி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கயித்துக் கட்டிலைக் களத்தில் போட்டு, காலைக் கிழக்கே நீட்டிப் படுங்கள். பனி இறங்கும், காதைச் சுற்றி ஒரு துண்டு வேண்டும். டார்ச்சுக்கு மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டால் கண் கெடாது. ஒன்பதரை மணிக்குக் கிழக்கில் நன்றாக மேலேறி மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் நிற்கும், அதைப் பிடித்துவிட்டால் போதும். அந்த வரிசையைக் கீழே நீட்டினால் நட்சத்திரங்களிலேயே பிரகாசமான சிரியஸ். மேலே நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி, அதையும் தாண்டி உச்சியில் கொத்தாகக் கார்த்திகை. வரிசைக்கு இடது பக்கம் சிவப்பாக இருப்பதுதான் மார்கழித் திருவாதிரைக்கு நாம் களி கிண்டுகிற அதே ஆதிரை. பைனாகுலர் இருந்தால் கார்த்திகையைப் பாருங்கள், வெறுங்கண்ணுக்கு ஆறேழாகத் தெரிவது டஜன் கணக்கில் ஆகிவிடும். மினுங்காமல் நிலையாக எரிகிற ஒன்று இருந்தால் பெரும்பாலும் அது கோள். நள்ளிரவு தாண்டும்வரை விழித்திருந்தால் நேர் தெற்கே, ரொம்ப உயரமில்லாமல், அகத்திய நட்சத்திரம் நிற்கும்.

எரிகல் வேண்டுமென்றால் கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காமல் டிசம்பர் 13, 14 ராத்திரியிலேயே போய்விடுங்கள். ஃபேத்தன் என்ற சிறுகோள் உதிர்த்த தூசி பூமியின் காற்றில் உரசி எரிவதுதான் ஜெமினிட் மழை. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பொறுமை வேண்டும்.

ஒரு வருஷம் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூம் லைட் எங்கள் கண்ணிலேயே அடித்துக்கொண்டிருந்தது. வேலியோரம் போய், "ஏனுங்க, அந்த லைட்டைச் செத்த நேரம் அமத்தறீங்களா?" என்று கேட்டேன். எதுக்கு என்று கேட்டவர், அமர்த்திவிட்டுத் தானும் வந்து எங்கள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இத்தனையுமா நம்ம தோட்டத்து மேல இருந்துச்சுங்க?" என்றார்.