2 வயதுக் குழந்தைக்குப் படப்புத்தகம் காட்டும்போது

படப்புத்தகத்தைத் திறந்ததும் நாமே கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுகிறோம். பேச்சு வளர வேண்டுமானால் வாய் திறக்க வேண்டியது குழந்தை. அமெரிக்காவில் உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருக்குக் கேள்வி கேட்டு வாசிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள், வழக்கம்போல வாசித்துக்காட்டப்பட்ட குழந்தைகளைவிடப் பேச்சில் முந்தினார்கள்.

செய்முறை எளிது. படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். "நாய்" என்று சொன்னால், "ஆமா, கறுப்பு நாய் ஓடுது" என்று ஓரிரு சொல் மட்டும் கூட்டி, அதைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். நீளமாகக் கூட்டினால் குழந்தையால் பின்தொடர முடியாது. பெயர்கள் பழகியபின் "நாய் என்ன பண்ணுது?", "ஏன் ஓடுது?" என்று போகலாம். "இது நாய்தானே?" என்று கேட்காதீர்கள், தலையாட்டலோடு முடிந்துவிடும்.

பெரும்பாலோர் சறுக்குவது பொறுமையில்தான். கேட்ட கையோடு பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் நிதானமாக ஐந்து வரை எண்ணுங்கள். குழந்தை சொல் தேடுவது அந்த இடைவெளியில்தான். தப்பாகச் சொன்னால் "இல்லை" என்று வெட்டாமல், சரியான சொல்லை வைத்துப் பேச்சைத் தொடருங்கள். பரீட்சைபோல ஆகிவிட்டால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும்.

புதுப்புதுப் புத்தகம் தேவையில்லை, அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவதே நல்லது. ஐந்து, பத்து நிமிடம் போதும். முகத்தைத் திருப்பினால் மூடிவிடுங்கள்.