'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு திரையிடுவது எப்படி

சார்லி சாப்ளின் 1940இல் வெளியிட்ட 'தி கிரேட் டிக்டேட்டர்' 125 நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். அவருடைய முதல் முழுப் பேசும்படமும் இதுதான். ஹிட்லரைக் கேலி செய்யும் சர்வாதிகாரி ஹிங்கல், பார்க்க அவனைப்போலவே இருக்கும் யூத நாவிதர், இரண்டு வேடமும் சாப்ளினுடையதே. சமூக மன்றத்திலோ நூலக அரங்கிலோ தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை சேர்ந்து உட்கார்ந்து சிரிக்க இதைவிடப் பொருத்தமான பழைய படம் கிடைப்பது அரிது. சாப்ளின் பிறந்தநாள் ஏப்ரல் 16. சிங்கப்பூரில் நம் தமிழ்மொழி விழா நடக்கும் மாதமும் ஏப்ரல்தான். ஆனால் ஆங்கில சப்டைட்டிலை மொழிபெயர்ப்பு மென்பொருளில் கொடுத்து வாங்கி அப்படியே ஓட்டினால் பாதிச் சிரிப்பு அங்கேயே செத்துவிடும். இந்தப் படத்துக்கு வசனம் எழுதுவதில் பெரிய வேலையே எங்கெங்கே எழுதாமல் விட வேண்டும் என்று முடிவு செய்வதுதான்.

அனுமதியிலிருந்து தொடங்குங்கள். 'எண்பது வருசத்துப் படம், யார் கேட்கப் போகிறார்கள்' என்று நினைக்க வேண்டாம். சாப்ளின் இறந்தது 1977 டிசம்பர் 25. சிங்கப்பூரில் எழுத்துப் படைப்புக்கும் இசைக்கும் காப்புரிமை, படைத்தவர் இறந்து 70 ஆண்டுவரை நீடிக்கும். வீட்டில் வாங்கி வைத்த வட்டோ மாதச் சந்தா கட்டும் செயலியோ பொது இடத்தில் போட்டுக்காட்டும் உரிமையைத் தராது. சாப்ளின் படங்களின் உரிமை பாரிஸில் உள்ள ராய் எக்ஸ்போர்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். தேதி, இடம், இருக்கை எண்ணிக்கை, இலவசமா கட்டணமா என்பதோடு, தமிழ் சப்டைட்டில் புதிதாக எழுதப் போகிறீர்கள் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்புக்கும் அனுமதி வேண்டும். கையோடு திரையிடலுக்கான கோப்பையும் அவர்களிடமே கேளுங்கள். இங்கே பொதுத் திரையிடலுக்கு, ஊடகத் துறையைக் கவனிக்கும் அரசு ஆணையமான ஐஎம்டிஏவின் வயது வகைப்பாடும் தேவை. உங்கள் பதிப்பு ஏற்கெனவே வகைப்படுத்தப்பட்டதா என்று அவர்களுடைய இணையத் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு விண்ணப்பம் பற்றி யோசிக்கலாம்.

கோப்பு கைக்கு வந்ததும் அதன் வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 23.976 சட்டகமா (ஃபிரேம்), 24ஆ, 25ஆ? இதைக் கவனிக்காமல் நேரம் குறித்தால் உழைப்பு வீண். 25 சட்டக வேகத்தில் ஓடும் பிரதி ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்பே முடிந்துவிடும். 24க்கும் 23.976க்கும் உள்ள வேறுபாடு சின்னதுதான், ஆனாலும் படம் முடியும்போது 7.5 நொடி தள்ளிப் போயிருக்கும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக வசனம் விலகினால் காரணம் இதுதான். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டிருக்க வேண்டாம். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால் மட்டும் மொத்தமாக முன்பின் நகர்த்துங்கள்.

இனி ஹிங்கலின் உளறல். சர்வாதிகாரி முதல்முறை மேடையேறிப் பேசும்போது அவன் வாயில் வருவது ஜெர்மன் இல்லை, ஜெர்மன்போல ஒலிக்கும் அர்த்தமற்ற கூச்சல். அவன் கத்துகிற கத்தலில் மைக்கே வளைந்து பின்வாங்குகிறது. மூச்சுமுட்ட அவன் வெறுப்பைக் கொட்டி முடித்ததும், ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் குரல் அமைதியாக, மேன்மைதங்கியவர் இப்போது யூத மக்களைப் பற்றிக் குறிப்பிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த நீளத்துக்கும் இந்தச் சுருக்கத்துக்கும் இடையில்தான் சிரிப்பும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. ஆகவே ஹிங்கல் இப்படி உளறும் நேரம் முழுவதும் திரையின் அடிப்பகுதி வெறுமையாக இருக்கட்டும். 'புரியாத மொழியில் பேசுகிறார்' என்று அடைப்புக்குறிக்குள் போடும் ஆசையை அடக்குங்கள். காது கேளாதோருக்கான பதிப்பில் மட்டும் தொடக்கத்தில் ஒருமுறை போடலாம். வாசிக்க நேரம் கிடைக்கட்டும் என்று வரியைக் கால் நொடி முன்னதாகவே காட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. இங்கே அது கூடவே கூடாது. மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் அதே சட்டகத்தில் வரி வர வேண்டும். முன்னால் வந்தால் அரங்கம் அதைப் படித்துவிட்டு, ஹிங்கல் இன்னும் கத்திக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிடும். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு நல்ல வானொலிச் செய்தித் தமிழ் கொடுங்கள். சிங்கப்பூர்த் தமிழ் வானொலியான ஒலி 96.8இல் செய்தி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த நிதானம் உடனே பிடிபடும்.

பூமி உருண்டையோடு ஹிங்கல் ஆடும் காட்சிக்கும் எழுத்து வேண்டாம். வாக்னரின் 'லோஹென்கிரின்' முன்னிசை ஓடுகிறது, உருண்டை வெடிக்கிறது, அவ்வளவுதான். அடுத்து வரும் சவரக் காட்சியில் ஒரேயொரு இடம் அவசியம்: வானொலி அறிவிப்பாளர் பிராம்ஸின் ஹங்கேரிய நடனம் 5 என்று சொல்லும் வரி. அதை எழுதிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நாவிதரின் கத்தி இசைக்கு ஆடும்போது பார்வை கீழே இறங்கினால் நட்டம் பார்வையாளருக்கு.

எழுதியே ஆக வேண்டியவை, வாய்ப்பேச்சு இல்லாத எழுத்துகள். ஹிங்கலுக்கும் நாவிதருக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானது என்று தொடக்கத்தில் வரும் அறிவிப்பு, ஆண்டுகள் ஓடுவதைக் காட்டும் செய்தித்தாள் தலைப்புகள், கடைக் கண்ணாடியில் படையினர் பூசும் 'யூதர்' என்ற சொல், இந்த மூன்றும் விடுபடக் கூடாது. தலைப்புகள் சட்டென்று மறைந்துவிடும், மூன்று நான்கு சொல்லுக்குள் நிறுத்துங்கள். யூதர் குடியிருப்பின் கடைப் பலகைகள் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் இருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டாம்.

வரியின் அளவுக்கு வருவோம். படம் பழைய 1.37 விகிதத்தில் எடுத்தது. இன்றைய அகலத் திரையில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் அகலத்தில் 77 விழுக்காடுதான் பிடிக்கும். எழுத்து அந்தப் பட்டைக்குள் ஓடினால் கண் அலையும். ஒரு வரிக்கு 20 தமிழ் எழுத்து, மிஞ்சினால் 22. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மூத்தவர்களும் பிள்ளைகளும் கலந்த கூட்டத்துக்கு நொடிக்கு 8 எழுத்து என்று கணக்கு வையுங்கள். நிறைந்த இரு வரிக்கு 5 நொடி வரும். மென்பொருள் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். 'மொழிபெயர்ப்பு' என்பதில் நமக்கு 7 எழுத்து. கணினி எண்ணும் யூனிகோடு கணக்கில் 13. அதனால்தான் சரியான தமிழ் வரியைக்கூடப் பல மென்பொருள்கள் சிவப்பில் காட்டுகின்றன. அந்தச் சிவப்புக்குப் பயந்து வரியை வெட்டிக் கொத்தினால் தந்தித் தமிழாகிவிடும். வரம்பை ஏறக்குறைய இரு மடங்காக உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். வேறு குறியீட்டில் சேமித்தால் திரையில் கேள்விக்குறிகள்தான் வரும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். கொ, பௌ, ஸ்ரீ, க்ஷ ஆகிய நான்கையும் ஒரு வரியில் போட்டு அரங்கத்துக் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றால் அந்தக் கணினியில் உள்ள இயக்கி, அதாவது படம் ஓட்டும் மென்பொருள், பழையது. புதிய விஎல்சி போட்டால் பெரும்பாலும் சரியாகும். வெள்ளை எழுத்துக்குக் கட்டாயம் கறுப்பு விளிம்பு வேண்டும், வெளிச்ச வானம் வரும் இடங்களில் எழுத்து கரைந்துவிடும்.

விளிப்பில் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. ஹிங்கல் தன் ஆட்களை 'நீ' என்பான், அவர்கள் 'மேன்மைதங்கிய' என்பார்கள். நாவிதரும் அவர் விரும்பும் ஹன்னாவும் சாதாரணப் பேச்சுத் தமிழில் பேசட்டும். பக்கத்து நாட்டுச் சர்வாதிகாரி நப்பலோனி வந்ததும் இருவரும் 'தாங்கள்' என்று இழையட்டும். சலூன் நாற்காலியைப் போட்டி போட்டு உயர்த்தும்வரைகூட அதைக் காப்பாற்றுங்கள். விருந்து மேசையில் சண்டை முற்றும் இடத்தில் 'நீ' என்று இறங்குங்கள். ஆங்கிலத்தில் இல்லாத படிக்கட்டு இது, விட்டுவிடாதீர்கள்.

கடைசி உரைதான் மிகக் கடினம். ஹிங்கல் என்று தவறாக நினைத்து மேடையேற்றப்பட்டு, தயங்கித் தயங்கித் தொடங்கும் நாவிதர் போகப் போக வேகமெடுக்கிறார், முழுதாக மொழிபெயர்த்தால் யாராலும் வாசித்து முடிக்க முடியாது. முன்பாதியை ஏறக்குறைய முழுதாக எழுதுங்கள். பின்பாதியில் வாக்கியத்துக்கு ஒரு வினை என்று சுருக்குங்கள். இங்கே அடுக்குமொழி மேடைப்பேச்சு உதவாது. அந்த நடையை ஹிங்கலின் புகழ்பாடிகளுக்குக் கொடுத்துவிட்டு, நாவிதருக்கு எளிய சொற்களை வைத்திருங்கள். லூக்கா 17ஆம் அதிகாரத்தை அவர் குறிப்பிடும் இடத்தில் சொந்தமாக எழுத வேண்டாம். 'தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே' என்று தமிழ் வேதாகமத்தில் இருப்பதையே வைத்தால் தேவாலயம் போகிறவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள்.

திரையிடும் முன் ஐந்து நிமிட அறிமுகம் தேவை, குறிப்பாகப் பிள்ளைகள் வந்தால். படப்பிடிப்பு 1939 செப்டம்பரில், போர் மூண்ட வேளையில் தொடங்கியது. வதைமுகாம்களின் கொடுமை அப்போதே முழுதாகத் தெரிந்திருந்தால் இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று சாப்ளின் 1964இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதினார். முகாம் காட்சியைச் சிரிப்பாகக் காட்டியிருப்பது ஏன் என்ற கேள்விக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சமூக மன்ற அறைகளில் தரை சமமாக இருப்பதால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை மீட்டராவது உயரட்டும். முடியாவிட்டால் இயக்கியின் அமைப்பில் எழுத்தைச் சற்று மேலே தூக்குங்கள். புரொஜெக்டரில் படத்தை இழுத்து நிரப்பும் அமைப்பை அணையுங்கள், இல்லையென்றால் சாப்ளின் குண்டாகத் தெரிவார். மொழிபெயர்ப்பாளர் பெயரைப் படம் முழுதாக இருண்ட பிறகே போடுங்கள். முதல்நாள் மாலை, படம் பார்த்திராத ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, ஹிங்கலின் முதல் உரையையும் கடைசி உரையையும் ஒலியைக் குறைத்து ஓட்டுங்கள். எந்த வரியை முடிக்க முடியவில்லை என்று அவர் கை தூக்குகிறாரோ, அதை அன்றிரவே சுருக்கிவிடலாம்.