அட்வான்ஸ் கொடுக்குமுன்: அந்த மனை முன்பு என்னவாக இருந்தது என்று நீங்களே பார்ப்பது எப்படி?

செங்கல்பட்டு மாவட்டத்தில் நான் அட்வான்ஸ் கொடுத்த மனைக்குள் ஒரு வாய்க்கால் இருந்தது. நேரில் போய் நின்றால் தெரியாது. செம்மண் கொட்டி, ரோலர் ஓட்டி, மூலைக்கு மூலை மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டிருந்தார்கள். ஈ.சி. (வில்லங்கச் சான்று) சுத்தம், பட்டாவும் சுத்தம். பதிவுக்கு நாள் பார்க்கிற கட்டத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. கொடுத்த ஐம்பதாயிரத்தில் முப்பதாயிரம் திரும்பி வந்தது. மீதி இருபதாயிரம் கட்டிப் படித்த படிப்புதான் கீழே இருப்பது.

பட்டா, சிட்டா, வில்லங்கம் என்றால் என்ன என்று இங்கே விளக்கப்போவதில்லை. அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. அவை எல்லாம் "நிலம் யார் பெயரில் இருக்கிறது" என்பதோடு நின்றுவிடுகின்றன. சட்டம் அதற்கு முன்பே கேட்பது "இது என்ன நிலம்" என்று. ஏரி, ஓடை, மேய்க்கால், மயானம், வண்டிப்பாதை என்று கணக்கில் ஏறிய நிலத்தை யார் யாருக்கு எத்தனை முறை பத்திரம் போட்டுக் கொடுத்தாலும் அதன் வகை மாறாது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு குளத்து நிலம் வீட்டுமனையாக ஒதுக்கப்பட்ட வழக்கில், ஆறு மாதத்துக்குள் காலி செய்யுங்கள், வேண்டுமானால் கட்டிய வீட்டின் சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-ல் தனிச் சட்டம் வந்தது. பதிவு அலுவலகத்தில் விரல் ரேகை வைத்துவிட்டோம் என்பது இந்த இடத்தில் பெரிதாக உதவாது.

படி 1: தாய்ப்பத்திரத்தின் நான்கெல்லை

தரகர் கொடுக்கும் ஜெராக்ஸ் கட்டில் கடைசிப் பத்திரத்தை விட்டுவிட்டு, இருப்பதிலேயே பழைய பத்திரத்தை எடுங்கள். அதில் நான்கெல்லை எழுதியிருக்கும் பத்தியை மட்டும் படியுங்கள். "வடக்கில் ஏரி வாய்க்கால்", "கிழக்கில் ஓடை" என்று ஒரு வரி இருந்தால் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இப்போதைய பத்திரத்தில் அதே வடக்கில் "30 அடி ரோடு" என்று மாறியிருந்தால், அந்த வாய்க்கால் எங்கே போனது என்று கேட்பதுதான் உங்கள் முதல் வேலை. என் கட்டிலும் அந்த வரி இருந்தது. நான் படித்திருக்கவில்லை.

படி 2: சரியான சர்வே எண் (நான் விழுந்த இடம்)

என் பத்திரத்தில் 112/3 என்று இருந்தது. அரசின் ஈ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, போனுக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு 112/3 என்று தேடினேன். புன்செய், தனியார் பட்டா, ஒரு பிரச்சினையும் இல்லை. பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் பார்த்தது வேறு யாருடைய நிலத்தையோ.

பத்திரத்தில் இருந்தது பழைய சர்வே எண். தளத்தில் தேட வேண்டியது புதிய எண். அந்தக் கிராமத்தில் புதிய 112/3 என்று வேறொரு நிலமும் இருந்ததால், கணினி எந்த எச்சரிக்கையும் தராமல் அதைக் காட்டிவிட்டது. "எண் இல்லை" என்று வந்திருந்தால்கூட அன்றே உஷாராகியிருப்பேன். கல் சரியாக நட்டிருக்கிறார்களா என்று அளக்க அழைத்த சர்வேயர்தான், "சார், நீங்க எந்த நம்பருக்கு பட்டா பாத்தீங்க?" என்று கேட்டார். நான் வாங்கவிருந்த மனை உண்மையில் புதிய எண் 247-ல் இருந்தது. அதிலும் 247/3 பட்டா நிலம், 247/2 வாய்க்கால் புறம்போக்கு, அதாவது அரசு நிலம். மனைக் கல் இரண்டுக்கும் சேர்த்து நடப்பட்டிருந்தது.

ஆகவே இந்தப் படிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பத்திரத்தில் "பழைய சர்வே எண்... புதிய சர்வே எண்..." என்று இரண்டும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மனையில் நின்றுகொண்டே தமிழ்நிலம் ஜியோ-இன்ஃபோ வரைபடத்தைப் போனில் திறந்து, நீங்கள் நிற்கும் இடத்தைத் தொடுங்கள். இன்றைய எண் வந்துவிடும். பத்திரம், பட்டா, தரகர் பேச்சு இவை மூன்றையும்விட எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். மற்ற மூன்றும் ஒரு எண்ணிலிருந்து நிலத்தை நோக்கிப் போகின்றன. இது நிலத்திலிருந்து எண்ணை நோக்கி வருகிறது. எல்லை ஓரத்தில் சில மீட்டர் தள்ளிக் காட்டலாம், அதனால் மனையின் நான்கு மூலையிலும் நின்று பாருங்கள். நான்கு மூலைக்கும் ஒரே எண் வராவிட்டால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள்.

ஈ.சி.க்கும் இதே தலைவலி உண்டு. பத்திரத்தில் எந்த எண் எழுதப்பட்டதோ அந்த எண்ணின் கீழ்தான் பதிவு ஏறும். பழைய எண், புதிய எண், உட்பிரிவுக்கு முந்தைய தாய் எண் என எல்லாவற்றுக்கும் தேடினால்தான் முழு வரலாறு வரும். ஒரே எண்ணுக்குப் போட்டுவிட்டு "வில்லங்கம் இல்லை" என்று சொல்பவரை நம்பாதீர்கள். இன்னொன்று, புறம்போக்கு நிலத்துக்கும் ஈ.சி. சுத்தமாகவே வரும். அதை யாரும் அடமானம் வைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

(கிராமமே பட்டியலில் இல்லையா? 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்ததுபோல மாவட்டங்களும் வட்டங்களும் பிரிந்திருக்கின்றன. பத்திரத்தில் இருக்கும் வட்டத்தை விட்டுவிட்டு, பக்கத்து வட்டங்களில் தேடுங்கள்.)

படி 3: 'அ' பதிவேடு

புதிய எண் கையில் கிடைத்ததும் அதே தளத்தில் 'அ' பதிவேட்டை எடுங்கள். பட்டா என்பது உரிமையாளர் பெயரைச் சொல்லும் தாள். நிலத்தின் ஜாதகம் 'அ' பதிவேட்டில்தான் இருக்கிறது: ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா) அரசு நிலமா, நன்செயா புன்செயா, தீர்வை எவ்வளவு, கடைசிக் கட்டத்தில் என்ன குறிப்பு. சுருக்கெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'தீ.ஏ.த.' என்றால் தீர்வை ஏற்பட்ட தரிசு, அதாவது அரசு நிலம். உங்கள் உட்பிரிவோடு நிற்காமல் சுற்றியுள்ள எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். என் கதையில் 247/3-ஐ மட்டும் பார்த்திருந்தாலும் ஏமாந்திருப்பேன்.

குறிப்புக் கட்டத்தில் 'டி.சி. நிலம்' அல்லது 'பஞ்சமி' என்று இருந்தால் வாங்காதீர்கள். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலம் அது. வேறு சமூகத்தவருக்கு விற்க முடியாது. அந்த நிபந்தனை காகிதத்தில் இருந்தும் எத்தனை ஏக்கர் கைமாறிப்போனது என்பது தனிக் கதை, எனக்கு அதில் கோபம் நிறைய உண்டு, இன்னொரு நாள் எழுதுகிறேன். கோயில் பெயர், பூமிதானம், வக்ஃப் என்று இருந்தாலும் இதே பதில்தான்.

பரப்பளவில் ஒரு குழப்பம் வரும். 0 - 04.50 என்று இருப்பது ஏக்கரும் இல்லை, சென்ட்டும் இல்லை. ஹெக்டேர் - ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஆக 4.50 ஏர் என்றால் 450 சதுர மீட்டர், சுமார் 11.12 சென்ட், கிட்டத்தட்ட இரண்டு கிரவுண்டு. பத்திரத்தில் இருக்கும் சென்ட்டையும் இதையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது பத்திரத்தின் அளவு கூடுதலாக வந்தால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். பக்கத்தில் வாய்க்கால் இருந்தால் ரொம்ப யோசிக்கத் தேவையில்லை.

படி 4: புலப்படம்

எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்: ஒரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் வரைபடம். பட்டா எடுத்த அதே தளத்தில் கிடைக்கும். அளவெல்லாம் மீட்டரில் இருக்கும். புலத்தின் குறுக்கே இணையாக இரண்டு கோடுகள் போனால் அது பாதையோ வாய்க்காலோ. அதற்குத் தனி உட்பிரிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி 'அ' பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடுங்கள். மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கி இதன் பக்கத்தில் வையுங்கள். புலப்படத்தில் வளைந்து போகும் கோடு மனைப்பிரிவு வரைபடத்தில் நேர்க்கோடாகியிருந்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் ஸ்கேல் வைத்து ஓடாது.

படி 5: பழைய படங்கள்

இதற்கு கூகுள் மேப் போதாது. கணினியில் கூகுள் எர்த் ப்ரோ போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். அதில் கடிகாரச் சின்னத்தை அழுத்தினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரும். ஏப்ரல், மே மாதப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கோடையில் எல்லா ஏரியும் கிரிக்கெட் மைதானம்தான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிந்தைய படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதைவிடப் பின்னால் போக, சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தை இறக்கிப் பாருங்கள். ஏரிக்கரையும் நீர்ப்பரப்பும் அதில் தெளிவாக இருக்கும். இஸ்ரோவின் புவன் வரைபடத் தளமும் இருக்கிறது, எனக்கு அதன் வேகம் ஒத்துவரவில்லை.

ஊர்ப் பெயரையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். தாங்கல், ஏந்தல், குட்டை, கண்மாய், ஊருணி என்று முடிகிற தெருவிலோ நகரிலோ மனை என்றால் இந்தப் படியை இரண்டு முறை செய்யுங்கள். தி. நகரே மாம்பலம் ஏரியை வற்றவைத்து 1920-களில் எழுந்ததுதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, லேக்தான் இல்லை. அன்று அரசே செய்தது, அதனால் சட்டப்படி சரி. உங்கள் புரமோட்டர் அரசு இல்லை.

படி 6: அப்ரூவல்

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்று போர்டில் இருந்தால் அது மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சென்னைப் பகுதியில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எண் வேண்டும், 500 சதுர மீட்டருக்கு மேலான மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் வேண்டும். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் 20.10.2016 முதல் அமலில் இருப்பதால், அங்கீகாரமில்லாத புது மனையைப் பதிய மாட்டார்கள். அதற்கு முன்பு விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. ஆனால் நீர்நிலையிலும் வாய்க்காலிலும் இருப்பவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. "ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்" என்று தரகர் சொன்னால் இந்த ஒரு வரியை அவரிடம் காட்டுங்கள்.

அங்கீகரித்த வரைபடத்தில் ஓ.எஸ்.ஆர். என்று பூங்காவுக்கு விட்ட இடம் எது என்று பார்த்து, அது மனையாக விற்பனையில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சென்னையைச் சுற்றி என்றால் சி.எம்.டி.ஏ. தளத்தில் சர்வே எண் போட்டு நிலப் பயன்பாட்டைப் பார்க்கலாம். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, திருவான்மியூருக்குத் தெற்கே நிலத்தடி நீர் ஊறும் கடலோரப் பகுதி போன்ற இடங்களில் பட்டா எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நினைத்ததைக் கட்ட முடியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டலமும் மலையிடப் பகுதிகளும் அப்படித்தான்.

பின்சேர்க்கை 1

ஆறு படியும் முடித்து, எல்லாம் சரியாக வந்த பிறகும் வருவாய்த் துறையிலிருந்து நோட்டீஸ் வந்ததாக ஒரு வாசகர் கமென்ட்டில் எழுதியிருந்தார். அவர் நிலம் இன்றைய 'அ' பதிவேட்டில் புன்செய். ஆனால் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் ஓடை. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது இப்படி நிறைய தவறுகள் ஏறின; பெயர் மாறியது, வகை மாறியது. நீர்நிலை வழக்குகளில் அரசு எடுத்து நீட்டுவது யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டைத்தான். நான் இதை முதலில் எழுதாமல் விட்டது என் தவறு.

அதனால் படி 3-உடன் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ பழைய எஸ்.எல்.ஆர். அல்லது ஆர்.எஸ்.ஆர். (செட்டில்மென்ட், மறு செட்டில்மென்ட் பதிவேடுகள்) நகல் கேளுங்கள். வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் சர்வே எண், கிராமம், வட்டம் குறிப்பிட்டு எழுதிப் போடுங்கள். முப்பது நாள் அவகாசம் அவர்களுக்கு உண்டு. அதுவரை காத்திருக்க மாட்டேன் என்று அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் மனை வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

பின்சேர்க்கை 2

"நத்தம் நிலத்துக்கும் இதே முறைதானா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. நத்தம் என்பது ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட நிலம்; அதற்குப் பதிவேடு வேறு, சர்வே வேறு, நீதிமன்றங்கள் பார்க்கும் பார்வையும் வேறு. அதைப் புறம்போக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இப்போது என் அத்தை வீட்டு நத்தம் பட்டாவுக்காகத்தான் அலைந்துகொண்டிருக்கிறேன். அது கைக்கு வந்ததும் தனியாக எழுதுகிறேன்.