முப்படிக் கோவை: அந்த முதல் பூச்சியத்தை எங்கே தேடுவது?

"ஒன்னு போட்டா பூச்சியம் வருதுன்னு எழுதிட்டீங்க டீச்சர். அந்த ஒன்னு எங்கருந்து வந்துச்சு?"

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கும் மாலை டியூஷனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். வகுத்தலை வரிவரியாகச் சொல்லிக்கொடுக்கிறோம்; எதைக் கொண்டு வகுப்பது என்ற இடத்தில் மட்டும் "போட்டுப் பாருங்க" என்று நழுவிவிடுகிறோம். அதனால் தேடுவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

புத்தகத்தில் மாறி 'எக்ஸ்' என்று இருக்கும். திண்ணையில் நாங்கள் 'அ' என்று எழுதுவோம். அகலம் என்பதன் அ; காரணம் கடைசியில் வரும்.

ப(அ) = அ³ − 2அ² − 11அ + 12

அ-வின் மிகப் பெரிய அடுக்கு 3 என்பதால் இது முப்படிக் கோவை. அ இருக்கும் இடத்தில் எந்த எண்ணைப் போட்டால் மொத்தமும் 0 ஆகிறதோ, அது இந்தக் கோவையின் பூச்சியம். 1 பூச்சியம் என்றால் (அ − 1) ஒரு காரணி. −3 பூச்சியம் என்றால் (அ + 3) காரணி. இதுதான் காரணித் தேற்றம். குறி மாறுவதைக் கவனியுங்கள். நான் சிவப்பு மையில் அதிகம் சுழிப்பது இந்த இடத்தைத்தான்.

முதலில் தேடல்

கடைசியில் தனியாக நிற்கும் 12-ஐப் பாருங்கள். முழு எண் பூச்சியம் ஏதாவது இருந்தால், அது 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும். ஏன்? 4 பூச்சியம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று உறுப்புகளிலும் அ இருப்பதால் அவற்றின் கூட்டுத்தொகை 4-ன் மடங்கு. அதோடு 12-ஐச் சேர்த்தால் 0 வர வேண்டுமென்றால், 12-ம் 4-ன் மடங்காகத்தானே இருக்க முடியும்? ஆக 5, 7, 8 எல்லாம் போட்டுப் பார்ப்பது வீண்வேலை. ±1, ±2, ±3, ±4, ±6, ±12 மட்டும் போதும்.

அதிலும் 1-ஐச் சோதிக்க ஒரு நொடி போதும். கெழுக்களை, அதாவது அ-வுக்கு முன்னால் நிற்கும் எண்களையும் கடைசி 12-ஐயும், கூட்டுங்கள்: 1 − 2 − 11 + 12 = 0. பூச்சியம் வந்துவிட்டது! −1-க்கும் ஒரு குறுக்குவழி உண்டு. அ³, அ ஆகியவற்றின் கெழுக்களைக் கூட்டி ஒரு பக்கம் வையுங்கள். அ²-ன் கெழுவையும் மாறிலியையும் (தனியாக நிற்கும் எண்) கூட்டி மறுபக்கம் வையுங்கள். இரண்டும் சமமானால் −1 பூச்சியம். இங்கே −10, 10, ஆகவில்லை.

பிறகு தொகுமுறை வகுத்தல்

1 | 1, −2, −11, 12
  | 0, 1, −1, −12
  | 1, −1, −12, 0

கோவையை (அ − 1)-ஆல் வகுக்கும் சுருக்கவழி இது. மேல்வரியில் கெழுக்கள். முதல் 1-ஐ அப்படியே கீழே இறக்குங்கள். அதை இடப்பக்க 1-ஆல் பெருக்கி அடுத்த கெழுவின் கீழ் எழுதிக் கூட்டுங்கள். அதையே கடைசிவரை செய்யுங்கள். கடைசியில் 0 வராவிட்டால் எங்கேயோ தவறு. கிடைத்த ஈவு அ² − அ − 12. பெருக்கினால் −12, கூட்டினால் −1 வரும் எண்கள் −4, 3. எனவே

ப(அ) = (அ − 1)(அ − 4)(அ + 3)

பூச்சியங்கள் 1, 4, −3. கூட்டினால் 2, அ²-ன் கெழு −2, குறி மாறி நிற்கிறது. விடை சரிதான்.

ஒன்றுமே சிக்காதபோது என்ன செய்வது? பாம்பன் பக்கம் கடலில் ஓங்கல் (டால்பின்) துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அடியிலிருந்து வரும், நீரைக் கிழித்து மேலே எழும், மறுபடி உள்ளே போகும், திரும்பவும் எழும். நம் கோவையை வரைந்தால் வரும் வளைவரையும் அப்படித்தான். கிடை அச்சுதான் நீர்மட்டம். −3-ல் மேலே வருகிறது, 1-ல் மூழ்குகிறது, 4-ல் மறுபடி வெளியே. ப(0) = 12, ப(2) = −10. ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் நடுவில் எங்கோ நீர்மட்டத்தைத் தாண்டியே ஆக வேண்டும். குறி மாறும் இரண்டு எண்களுக்கு நடுவே தேடுங்கள்.

முதல் கெழு 1 இல்லாவிட்டால்

2அ³ − 9அ² + 7அ + 6. இதில் 1 போட்டால் 6, −1 போட்டால் −12, இரண்டும் ஆகவில்லை. 2 போட்டால் 16 − 36 + 14 + 6 = 0. வகுத்தால் ஈவு 2அ² − 5அ − 3. அது (2அ + 1)(அ − 3) என்று பிரியும். பூச்சியங்கள் 2, 3, −1/2. பூச்சியத்தைப் பார்த்துக் காரணியை (அ + 1/2) என்று எழுதிவிட்டால் முன்னால் இருக்கும் 2 காணாமல் போகும். (2அ + 1) என்றே வையுங்கள்.

முழு எண்ணோ பின்னமோ எதுவும் பூச்சியமாகாத முப்படிகளும் உண்டு. அவற்றுக்கான சூத்திரத்தை 1545-ல் இத்தாலியரான கார்டானோ தன் நூலில் வெளியிட்டார். பார்த்தால் தலை சுற்றும். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

இப்போது அகலம்

கேள்வி கேட்ட பிள்ளையின் அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். வலை பொத்துவதும் பெட்டி சரிசெய்வதும் அப்போதுதான். அவளுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தேன்: ஐஸ் பெட்டியின் நீளம் அகலத்தைவிட 1 அடி கூட, உயரம் அகலத்தைவிட 1 அடி குறைவு, கொள்ளளவு 24 கன அடி. அகலம் என்ன?

அ(அ + 1)(அ − 1) = 24, அதாவது அ³ − அ − 24 = 0. அகலம் குறை எண்ணாக இருக்காது. 1 அடி என்றால் உயரமே இல்லை. 2 போட்டால் 6 கன அடிதான். 3 போட்டால் சரியாக 24.

வகுக்கும்போது அவள் 1, −1, −24 என்று மூன்றே கெழு எழுதினாள். மீதி −18 வந்து திகைத்து நின்றாள். அ² இல்லாத இடத்தில் 0 போட வேண்டும்: 1, 0, −1, −24. அப்போது மீதி 0, ஈவு அ² + 3அ + 8. அதன் தன்மைகாட்டி (நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து 4 × முதல் கெழு × மாறிலியைக் கழித்தால் வருவது) 9 − 32 = −23, குறை எண். மெய்யெண்ணில் இனி பூச்சியம் கிடையாது. இந்த ஓங்கல் ஒரே தடவைதான் நீர்மட்டத்தைத் தாண்டியது. பெட்டி 4 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம்.

நீங்கள் போட்டுப் பார்க்க ஒன்று: அ³ − 7அ − 6. அந்த 0-ஐ மறந்துவிடாதீர்கள். 1 ஆகாது, −1-ன் குறுக்குவழியில் தொடங்குங்கள்.