டபிள்கப் உதறினால் உடனே ரயரை மாற்றாதீர்கள்

மாரி முழுக்க வன்னியில் ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கக் கிறவல் வீதிகளில் உழைத்த டபிள்கப் பிக்கப், ஏ9 காப்பெற் வீதியில் ஏறி 80ஐத் தொட்டதும் உதறும். உடனே வீல் பலன்ஸ். அடங்காவிட்டால் புது ரயர். காசு போன பிறகும் உதறல் போகாது. எப்போது உதறுகிறது என்று பாராமல், எதை மாற்றலாம் என்று தொடங்குவதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை.

நேரான, ஆளில்லாத இடத்தில் உதறும் வேகத்துக்குப் போய் கியரை நியூற்றலுக்கு எடுங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம். உதறல் தொடர்ந்தால் ரயர், றிம், ஷாப்ற் (கியர் பக்கச் சுழற்சியைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) பக்கம் பாருங்கள். நின்றால் எஞ்சின், கிளச், அல்லது இழுக்கும்போது மட்டும் உதறுகிற தேய்ந்த ஷாப்ற் ஜொயின்ற். பிறேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் அது டிஸ்க்கின் கதை.

உதறலின் வேகமும் துப்புத் தரும். 265/70 ஆர்16 ரயர் 80 கிலோமீற்றரில் செக்கனுக்குச் சுமார் 9 தரம் சுற்றும். டிஃபரென்ஷலில் (ஷாப்ற்றின் சுழற்சியைக் குறைத்துச் சில்லுகளுக்குக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) 4க்கு 1 விகிதம் என்றால் ஷாப்ற் 36 தரம் சுற்றும். ஸ்ரியறிங் மெதுவாக ஆடினால் முன் ரயர். சீற்றும் தரையும் பொடியாக விறுவிறுத்தால் ஷாப்ற்.

ரயர்தான் என்று தெரிந்தாலும் முதலில் றிம்மின் உட்புறத்தைக் கழுவுங்கள். வயல் சேறு அங்கே காய்ந்து இறுகிக் கிடக்கும். அதோடு பலன்ஸ் பண்ணினால், சேறு உதிரும் அன்றே பழைய கதைதான்.

ஷாப்ற்றின் முனையில் மடங்கிச் சுற்றவிடும் யூ ஜொயின்ற்றைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. சில்லுகளுக்குக் கல் வைத்து, நியூற்றலில் விட்டு, ஷாப்ற்றைக் கையால் முன்னும் பின்னும் முறுக்குங்கள். ஜொயின்ற்றிலேயே ஆட்டம் தெரிந்தால் அது போய்விட்டது. ஜொயின்ற்றின் நான்கு முனையையும் மூடியிருக்கும் கப்பைச் சுற்றிச் சிவப்புத் தூள் இருக்கும். வன்னியில் எல்லாமே சிவப்புத் தூசிதானே, அதனால் ஏமாறுவார்கள். துணியால் துடைத்து, காப்பெற்றில் மட்டும் கொஞ்சத் தூரம் ஓடிப் பாருங்கள். மறுபடி அங்கே மட்டும் கசிந்திருந்தால் அது துரு: உள்ளே ஊசி பெயரிங் கிறீஸ் இல்லாமல் அரைபடுகிறது. தண்ணீரில் இறக்கி ஏற்றிய பிறகு கிறீஸ் அடிக்காததால் வருவது. அடிக்கும்போது நான்கு கப்பிலும் கிறீஸ் வெளியே வர வேண்டும்.

ஷாப்ற்றைக் கழற்ற முன் அடையாளம் போடாமல் விடுவது வேறொரு பிழை. பெரும்பாலான வாகனங்களில் ஷாப்ற்றின் இரண்டு முனை யோக்கும் (ஜொயின்ற்றைப் பிடிக்கும் கவை) ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நடுவே நீண்டு சுருங்கும் பல்வெட்டுப் பூட்டான ஸ்பிளைனைப் பிரித்து ஒரு பல் மாறிப் பூட்டினாலும், இல்லாத உதறல் புதிதாக வந்து சேரும்.

முன் சில்லுகளை ஷாப்ற்றோடு பூட்டும் ஹப் லொக் உள்ள வாகனமா? காட்டிலிருந்து வந்து அதைக் கழற்ற மறந்தால் 2எச்சிலும் (பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் நிலை) முன் ஷாப்ற் சுற்றும். லொக்கை எடுத்ததும் உதறல் நின்றால் தேட வேண்டிய இடம் முன்பக்கம். 4எச்சில் (நான்கு சில்லும் இழுக்கும் நிலை) காப்பெற் சந்தியில் திரும்பும்போது இழுத்துக் குதிப்பது பழுது அல்ல. முன்னும் பின்னும் பூட்டுண்டு ஓடுவதால் வருவது. முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றவிடும் சென்டர் டிஃபரென்ஷல் உள்ளவற்றுக்கு, அதை லொக் பண்ணாதவரை, இது பொருந்தாது.

பின் ஷாப்ற்றைக் கழற்றிச் சோதிப்பவர்கள் கவனம். பழைய (2016 வரை வந்த) லாண்ட் றோவர் டிஃபெண்டரில் ஹான்ட்பிறேக், முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின்னால் இருக்கிறது, சில்லில் அல்ல. ஷாப்ற் கழன்றதும் அதை நம்ப முடியாது. கல் வைக்காமல் கீழே படுக்க வேண்டாம்.